அஞ்சடி மூணு அங்குலம்

இந்த சீட்டுக்கு ஆள் வருதா? இல்லேல்ல? அப்பம் நான் இருந்துக்கிடுதேன். அந்தப் பைய எடுத்து மடியில வச்சுக்கிடுங்க, போதும். நான் ஒல்லி, எனக்கு எம்புட்டு இடம் வேணும்.

திருநவேலிக்கா? நான் பாளையங்கோட்டை. கல்லறைக்குக் கல்லு வெட்டக் குடுத்திருக்கேன். பேரு சரியா வெட்டிருக்கானான்னு பாத்துட்டு வரணும். நம்ம போய் பக்கத்துல நிக்கலன்னா ஒருத்தனும் ஒரு வேலைய ஒழுங்காச் செய்யமாட்டான், அது என் அனுபவம்.

முன்னால சன்னலோரம் இருக்கது உங்க மவளா? நெனச்சேன். முகச்சாடை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. பைக்குள்ள இருந்து ஆஸ்பத்திரி ஃபைல் எட்டிப் பாக்குதே. எடை குறைக்க ஆபரேசனுக்குக் காட்டப் போறியளோ? தப்பா நெனைக்காதிய. ஃபைல வச்சுச் சொல்லல. உங்க மவ படியேறும்போது ஒரு கையால கம்பியப் பிடிச்சா, இன்னொரு கையால துப்பட்டாவ வயித்துக்கு மேல இழுத்து விட்டா. அதப் பாத்தேன். எம்மவளும் அப்படித்தான் பஸ் ஏறுவா.

ஏறுவா, இப்பம் இல்ல. போன வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தி போயிட்டா. அந்தக் கல்லுதான்.

ஆபரேசன்லயான்னு கேக்கியளா? இல்லம்மா, பயப்படாதிய. ஆபரேசன் செஞ்சிருந்தா இன்னைக்கு எம்பக்கத்துல இருந்திருப்பா. செய்யமாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாவ. ஒரு நம்பர். அந்த ஒரு நம்பர் பத்தலன்னு சொல்லி எம்புள்ளையக் கொன்னுட்டாவ. நான் யார்ட்டயும் பயப்படாமச் சொல்லுவேன், அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.

ஹெப்சிபான்னு பேரு. வீட்டுல ஹெப்சி. ஒரே புள்ளை. எல்.கே.ஜி. டீச்சரா இருந்தா, எங்க ஊர்ல சபை நடத்துத பள்ளிக்கூடத்துல. புள்ளையளுக்கு அவன்னா உசுரு. அழுத புள்ளை எல்லாம் அவ மடியிலதான் வந்து விழும். "ஹெப்சி மிஸ்ஸு தலகாணி மாதிரி இருக்காவ"ன்னு ஒரு வாண்டு சொல்லிச்சாம், வீட்டுல வந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுச் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. சின்னப்புள்ளை வாய் வரைக்கும் வந்துருச்சேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

முகம் லட்சணம். நிறமும் உண்டு. உடம்புதான். அப்புறம் ஒசரம். ஒசரமும் பத்தாது, அது எங்க மாமியா வழி. அந்த வீட்டுல எல்லாமே கட்டை. நெசத்தச் சொன்னா அஞ்சடிதான் இருப்பா. ஆனா அத யாரு சொல்லப் போறா? அவளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பிச்ச அன்னைக்கே நான் அஞ்சடி மூணு அங்குலம்னு சொல்லிட்டேன். எல்லாரும் சொல்லுததுதான். பையன் வீட்டுல சம்பளத்தக் கூட்டிச் சொல்லுதாவ, நம்ம ஒசரத்தக் கூட்டிச் சொல்லுதோம். இதுல என்ன பாவம்?

சும்மாவும் சொல்லல, அதுக்குத் தக்கன பாடுபட்டேன். வாசப்படி தாண்டினா ஹீல்ஸ் செருப்பு போட்டாத்தான் விடுவேன். கொண்டைய உச்சிக்குத் தூக்கி நானே போட்டு விடுவேன். போட்டோ எடுக்கும்போது காலுக்குக் கீழ மனைப்பலகை, சேல மறச்சிரும். இப்படி ஒரு வருசமா ரெண்டு வருசமா? சொல்லிச் சொல்லி எம்மனசுலயே அவ அஞ்சடி மூணு அங்குலம்னு ஆயிப்போச்சு. இப்பம் கனவுல வந்தாகூட ஒசரமாத்தான் வாரா.

சாப்பாட்டுல நான் சின்னதுல இருந்தே கண்டிப்பு. தோசைன்னா ஒண்ணு. சோறுன்னா ஒரு கரண்டி, அதுவும் நான் போட்டாத்தான். முறுக்கு டின்ன பரண்ல ஏத்தி ஏணிய எடுத்துருவேன். விருந்துக்குப் போனா பக்கத்துலயே இருப்பேன், ரெண்டாந்தரம் கறி போட வந்தா இவ எலைய நான் கையால மறச்சிருவேன். அவ கோவிக்கவே மாட்டா. "போதும்மா, போதும்மா"ன்னு அவளே எந்திரிச்சிருவா. அம்புட்டு அடக்கம். அப்படி வளத்தும் ஏன் உடம்பு வச்சுதுன்னு கேட்டா, கர்த்தருக்குத்தான் தெரியும். ஒளிச்சுத் தின்னிருப்பாளோன்னு அவுக ஒரு தடவை சொன்னாவ. அவுகன்னா எங்க வீட்டுக்காரவுக, தபாலாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவுக. "என் வீட்டுல எம்புள்ளை ஏன் ஒளிச்சுத் திங்கணும்?"னு ஒரு பிடி பிடிச்சேன். அதோட எந்திரிச்சு திண்ணைக்குப் போயிட்டாவ.

ஆபரேசன் வேணும்னு கேட்டது அவதான். நான் சொல்லல. ஒருநா ஸ்கூல்ல இருந்து வந்து அடுப்படி வாசல்ல நின்னா. "யம்மா, எனக்கு மூச்சு முட்டுது. படுத்தா நெஞ்சு மேல யாரோ இருக்க மாதிரி இருக்கு. எனக்கு பயமா இருக்கும்மா. இந்த ஆபரேசன் செஞ்சுக்கிட்டா சரியாவுமாம், கேப்போமா?"ன்னா. நானும் மனசுக்குள்ள அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏன்னா அப்பம்தான் சாயர்புரத்துல இருந்து ஒரு இடம் வந்திருந்துது. பையன் மஸ்கட்ல இருக்கான். நல்ல இடம். பையனோட அம்மைக்கு ஒரே ஒரு கண்டிசன், பையன் ஆறடி, பொண்ணு ஒசரமா இருக்கணும். உடம்பு குறைச்சுக்கிடலாம், ஒசரம் அப்படி இல்லியேன்னு அவுகளே சொன்னாவ. போட்டோவப் பாத்துட்டு அவுகளுக்குப் பிடிச்சுப் போச்சு. நேர்ல பாக்க வாரதுக்குள்ள உடம்பக் குறைச்சிரணும். ஆபரேசன் செய்வோம்ட்டின்னேன்.

குறட்டை வேற இருந்துது பாத்துக்கிடுங்க. பொம்பளப் புள்ளைக்கு அப்படி ஒரு குறட்டைய நான் கேட்டதில்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு அவ ரூம்பு சன்னல நானே அடச்சிருவேன். நல்லா விட்டுக்கிட்டே இருப்பா, திடீர்னு நின்னு போவும். ஒரு சத்தமும் வராது. பெறவு முழுகி எந்திரிச்ச ஆள் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிக்கும். கல்யாணத்துக்குள்ள சரியாயிரும்னு இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரின்னு பேரு வேண்டாம், பெரிய இடம். நல்ல பச்சை சுடிதார், ஹீல்ஸ், கொண்டை, எல்லாம் லட்சணமாத்தான் கூட்டிட்டுப் போனேன். அங்க போய்ப் பாத்தா நர்ஸா இருக்கது யாரு? ஜெயராணி. சாயர்புரத்துக்காரி. அந்தப் பையனோட அம்மைக்கு அக்கா மருமவ. அவ என்னப் பாத்துட்டா. "வாங்கத்தை, ஹெப்சிக்கா? வாங்க வாங்க"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. நல்ல புள்ளைதான். ஆனா அவ பாக்குதது எல்லாம் சாயந்தரத்துக்குள்ள சாயர்புரம் போயிருமே.

எடை பாத்தாவ. எம்பத்தி நாலு கிலோ. எடைய மறைக்க முடியுமா, மெஷின் காட்டுது. ஒசரம் அளக்குத கம்பி அடுத்த ரூம்புல இருந்துது, அங்க ஒரே கூட்டம். ஜெயராணி பேனாவ வச்சுக்கிட்டு, "அத்தை, ஹெப்சி ஒசரம் தெரியுமா, இல்ல செருப்பக் கழத்திட்டு வரிசையில நிக்கச் சொல்லட்டா?"ன்னு கேட்டா. ஹெப்சி குனிஞ்சு செருப்பு வாரக் கழத்தப் போனா. நான் தோளப் பிடிச்சு நிமித்திட்டேன். "தெரியாம என்ன, அஞ்சடி மூணு அங்குலம், எழுதிக்கோ"ன்னேன். எவ்வளவு டக்குனு சொன்னேன் தெரியுமா? கொஞ்சம் யோசிச்சிருந்தாகூட அவ சந்தேகப்பட்டிருப்பா. ஹெப்சி என்னப் பாத்தா. வாரத் திரும்ப மாட்டிக்கிட்டா. அவ எப்பவும் என்ன விட்டுக்குடுக்க மாட்டா.

டாக்டர் சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தாரு. கம்ப்யூட்டர்ல தட்டினாரு. பி.எம்.ஐ.ன்னு ஒண்ணு இருக்காம். உங்களுக்கும் சொல்லுவாவ, கேட்டுக்கிடுங்க. எடையை ஒசரத்தால வகுத்து, வந்தத மறுபடியும் ஒசரத்தால வகுக்கணுமாம். அதுல ஒரு நம்பர் வரும். முப்பத்தஞ்சு வந்தா ஆபரேசன் உண்டு. எம்மவளுக்கு முப்பத்திமூணுக்குப் பக்கத்துல வந்துது. "ஒசரமானவங்க உடம்பு இந்த எடையத் தாங்கும்மா. இதே எடையில குட்டையா இருந்தாங்கன்னா கட்டாயம் செய்யணும்னு சொல்லிருப்பேன்"னாரு. எனக்கு அந்த நேரத்துலயும் ஒரு சந்தோசம். ஜெயராணி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காளே. டாக்டர் வாயாலயே ஒசரம்னு சொல்லிட்டாரே.

பெறவு கேட்டாரு, "சுகர் இருக்கா?" இல்ல. "பிரசர்?" இல்ல. "ராத்திரி குறட்டை விடுவாங்களா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? அப்படி ஏதாவது இருந்தா நம்பர் கொஞ்சம் குறைவா இருந்தாலும் யோசிக்கலாம்." ஹெப்சி, "டாக்டர், எனக்கு..."ன்னு ஆரம்பிச்சா. நான் முந்திக்கிட்டேன். "குறட்டையா? அதெல்லாம் கெடையாது டாக்டர். பூன மாதிரி தூங்குவா"ன்னேன். பின்ன என்ன சொல்ல? கட்டில்ல பக்கத்துல படுக்கப் போறவனோட சொந்தக்காரி நிக்கா. அவள வச்சுக்கிட்டா கேக்கது?

அப்பம் இப்போதைக்கு வேண்டாம், நடங்க, சாப்பாட்டக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாரு. அம்புட்டுத்தான். ஒரு ஆளைப் பாத்தா தெரியாதா? படியேறி வந்து மூச்சு வாங்குத புள்ளை கண்ணு முன்னால இருக்கா. அவள விட்டுட்டு கம்ப்யூட்டரப் பாத்து சொல்லுதாரு. படிச்ச படிப்பு அம்புட்டுத்தான்.

வராண்டாவுல வச்சு ஹெப்சி எங் கையப் பிடிச்சா. "யம்மா, நான் அஞ்சடிதான். உள்ள போயி சரியா அளந்துரச் சொல்லுவோமா? ஒரு நிமிசம்தான்"னா. "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? எழுதியாச்சு. இப்பம் போயி குட்டைன்னு சொன்னா ஜெயராணி என்ன நெனைப்பா? சாயர்புரத்துல என்ன நெனைப்பாவ? அம்மை பொய் சொல்லுதவன்னு பேரு வாங்கித் தரப் போறியா?"ன்னேன். எங் கைய விட்டுட்டா. "சரிம்மா"ன்னா. அதுதான் ஹெப்சி. ஒரு சொல்லு எதுத்துச் சொன்னதில்ல. இந்தக் காலத்துல அப்படி ஒரு புள்ளை யாருக்குக் கெடைக்கும்?

பஸ்ல வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்துது. ஒசரத்த ஒண்ணும் செய்ய முடியாது. எடையத்தான நம்ம மாத்த முடியும்? மறுநாள் ஜெயராணிக்குப் போன் போட்டு நைசாக் கேட்டேன், நம்பர் முப்பத்தஞ்சுக்கு வரணும்னா எம்புட்டு கிலோ வேணும்னு. சிரிச்சுட்டா. "இன்னும் ஆறு கிலோ வேணும் அத்தை, ஆனா அப்படியெல்லாம் செய்யக்கூடாது"ன்னா. ஆறு கிலோ. எங் கைக்கு ஆறு கிலோ ஒரு பெரிய காரியமா?

மறுநாள் காலையில ஆப்பம் சுட்டேன். ஒண்ணு இல்ல, நாலு. தேங்காப்பால் எடுத்து சீனி போட்டு, மேல ஊத்தி, அவ முன்னால வச்சேன். அவ தட்டப் பாத்தா. என்னப் பாத்தா. தொடல. ரெண்டு கையும் மடியில. நான் தட்ட எடுத்துருவேன்னு காத்துக்கிட்டு இருந்தா. "சாப்பிடுட்டி"ன்னேன். "நெசமாவாம்மா?"ன்னா. "நெசமாத்தான். வேணும்னா இன்னும் சுடுதேன்."

தின்னா. மெதுவாத்தான் தின்னா. கண்ணுல தண்ணி வந்துது. உறைப்பே இல்லாத தேங்காப்பாலுக்கு ஏன் கண்ணுல தண்ணி வருதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்குன்னா.

அந்த மாசங்கள என்னால மறக்கவே முடியாது. நானும் அவளும் அப்படி ஒண்ணா இருந்ததே இல்ல. ஸ்கூல் விட்டு வந்தா நேரா அடுப்படிக்கு வந்துருவா. முந்தியெல்லாம் அடுப்படிப் பக்கம் வந்தா நான் என்னன்னு கேப்பேன், ஓடிருவா. இப்பம் ஸ்டூலப் போட்டு இருந்துக்கிட்டு ஸ்கூல் கதை எல்லாம் சொல்லுவா. எந்தப் புள்ளை பென்சிலத் தின்னான், எவன் நிக்கர்ல மோண்டான், எல்லாம். நான் வடைய எடுத்து எடுத்து அவ கையில குடுப்பேன். உளுந்தங்களி, முந்திரிக்கொத்து, ஆட்டுக்கறி. முதலூர்ல இருந்து மஸ்கோத் அல்வா வாங்கி வருவாவ அவுக. எம்புள்ளைக்கு என்னென்ன பிடிக்கும்னு எனக்கு அப்பம்தான் தெரிஞ்சுது. பரண்ல இருந்த முறுக்கு டின்னு கீழ வந்துருச்சு. ஒருநா கேட்டா, "எதுக்கும்மா ஆபரேசன், இப்படியே இருந்துருவோமா?"ன்னு. "இருந்துருவியே, மாப்பிள்ளை யாரு பாட்டன் வீட்டுல இருந்தா வருவான்?"னேன். சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ கையில இருந்த வடையப் பாதியில வச்சுட்டா. நான்தான் "தின்னுட்டி, நம்பர் வரணும்"னு திரும்ப எடுத்துக் குடுத்தேன்.

எங்க சபையில வருசா வருசம் அசனம் உண்டு. ஆட்டுக்கறியும் சோறும், ஊரே பந்தியில உக்காந்து திங்கும். மத்த வருசமெல்லாம் அவளக் கடைசிப் பந்தியில ஓரமா இருத்தி, சீக்கிரமா எழுப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். அந்த வருசம் முதல் பந்தியில நடுவுல உக்கார வச்சேன். பக்கத்துல நான். கறிவாளி தூக்கிட்டு வந்தவங்கிட்ட, "இன்னும் ரெண்டு அகப்பை போடும், ஏன் கஞ்சத்தனம்?"னு நானே சொன்னேன். எல்லாரும் பாத்தாவ. பாக்கட்டும். ஹெப்சி முகத்தப் பாக்கணுமே நீங்க. கல்யாணப் பொண்ணு கணக்கா சிவந்து போய் இருந்தா. தல குனியாம, சுத்தி எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே தின்னா. அம்புட்டு சந்தோசமா நான் அவளப் பாத்ததில்ல.

உடம்பு ஏறுச்சு. நல்லாவே ஏறுச்சு. ஆனா மூச்சு இன்னும் மோசமா ஆச்சு. ஸ்கூல்ல நாற்காலியில இருந்தபடியே தூங்கிருவாளாம். புள்ளையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு "சத்தம் போடாதிய, மிஸ் தூங்குதாவ"ன்னு சொல்லிக்கிடுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குப் போன் போட்டாவ. காலு வீங்குச்சு. அவுக ஒருநா வந்து, "தங்கபாய், புள்ளை முகத்தப் பாரு, ஒரு மாதிரி நீலமா இருக்கு. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுவோம்"னாவ. "இன்னும் ஒண்ணரை கிலோ இருக்கு. இப்பம் போனா திரும்ப நம்பர் பத்தாதுன்னு அனுப்புவாவ. இத்தன நாள் பட்டது எல்லாம் வீணாப் போவும்"னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? போனா அனுப்பத்தான செய்வாவ?

ஒருநா சாயந்தரம் மெஷின்ல ஏறினா. வீட்டுலயே ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருந்தோம். தொண்ணூறு. நான் கையத் தட்டிட்டேன். "ஜெயிச்சுட்டோம்ட்டி!"ன்னு அவளக் கட்டிப் பிடிச்சேன். அவள நான் கட்டிப் பிடிச்சு எத்தனையோ வருசம் ஆயிருக்கும். தலகாணி மாதிரின்னு அந்த வாண்டு சொன்னது சரிதான். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்னு முடிவு பண்ணினோம். பச்சை சுடிதார் பத்தல, அவுக போயி ஒரு பெரிய சைஸு வாங்கிட்டு வந்தாவ. கட்டில்ல விரிச்சு வச்சா. ஹீல்ஸத் துடைச்சு வச்சா. "யம்மா, நாளைக்கு எல்லாம் சரியாயிரும்லா?"ன்னு கேட்டுட்டுத்தான் படுத்தா.

விடிய நான் எந்திரிச்சு ஆப்பத்துக்குத் தேங்கா துருவிக்கிட்டு இருக்கேன். அவ ரூம்புல இருந்து சத்தமே இல்ல. குறட்டை இல்ல. எனக்கு எம்புட்டு ஆறுதலா இருந்துது தெரியுமா? இன்னைக்குத்தான் புள்ளை நிம்மதியாத் தூங்குதா, நல்லாத் தூங்கட்டும், நேரம் இருக்குன்னு மெதுவாத் துருவினேன். பால் எடுத்தேன். சீனி போட்டு ஆத்தினேன். வெயில் முத்தத்துல விழுந்ததுக்கு அப்புறம்தான் போயி எழுப்பினேன்.

என்னத்தச் சொல்ல.

ஒரு வாரம் கழிச்சு அந்த டாக்டர்ட்ட போனேன். விடுவனா? அவுக வேண்டாம் வேண்டாம்னாவ, கேக்கல. "உங்க நம்பரால எம்புள்ளை போயிட்டா"ன்னு சத்தம் போட்டேன். அவரு எந்திரிச்சு நின்னாரு. என்ன இருக்கச் சொன்னாரு. எல்லாம் கேட்டாரு. பெறவு தணிவாத்தான் சொன்னாரு, "குறட்டை உண்டான்னு நான் கேட்டேனேம்மா"ன்னு. கேட்டாரு, இல்லங்கல. ஆனா அந்த ஜெயராணிய வச்சுக்கிட்டு கேட்டா எந்தத் தாய் உள்ளதச் சொல்லுவா? என்னத் தனியா கூப்பிட்டுக் கேக்கணுமா வேண்டாமா? கேக்குத விதத்துல கேக்கணும். அது அவரு தப்புதான? நீங்களே சொல்லுங்க. என்ன, பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிய? பாவம், உங்களுக்கும் பயமா இருக்கும். உங்க மவ ஒசரமாத்தான் இருக்கா, நல்லா இருப்பா.

அடக்கத்து அன்னைக்கு சாயர்புரத்துல இருந்து அந்த அம்மையும் வந்திருந்தாவ. கல்யாணத்துக்கு வரவேண்டியவுக. ஜெயராணியும் வந்திருந்தா, அழுதழுது அவ முகமே வீங்கிப் போயிருந்துது. பெட்டி செய்யுத செல்லையா டேப்போட உள்ள வந்தான். நான் விடல. எம்புள்ளைய எத்தனை பேரு அளந்தாச்சு, இனிமே ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு குறுக்க விழுந்தேன். அவன் டேப்பச் சுருட்டி பையில வச்சுக்கிட்டு, "சரிக்கா, அப்பம் பாப்பா ஒசரம் மட்டும் சொல்லுங்க"ன்னான். எல்லாரும் நிக்காவ. அந்த அம்மை எம்பக்கத்துலயே நிக்காவ. எங்க வீட்டுக்காரவுக வாயத் தொறந்து என்னமோ சொல்ல வந்தாவ, அதுக்குள்ள நான் சொல்லிட்டேன்.

"அஞ்சடி மூணு அங்குலம்."

பெட்டி வந்துது. படுக்க வச்சாவ. பாத்தா, காலடியில இடம் கெடக்கு. நாலு விரக்கடைக்கு மேல கெடக்கு. எல்லாரும் எட்டிப் பாக்காவ. அவுக ஒரு மூலையில நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதாவ, அதுவரைக்கும் ஒரு சொட்டு அழாதவுக. எனக்கு செல்லையா மேல வந்த கோவம்! ஒரு பெட்டி ஒழுங்கா செய்யத் தெரியல பாருங்க. அதான் சொன்னேன், பக்கத்துல நிக்கலன்னா ஒருத்தனும் ஒழுங்கா ஒரு வேலை செய்யமாட்டான். கல்லுலயாவது பேரு சரியா இருக்கணும்.

பூ வச்சு அடைக்கப் பாத்தாவ. நான் வேண்டாம்னுட்டேன். உள்ள போயி அந்த ஹீல்ஸ் செருப்ப எடுத்துட்டு வந்தேன். முந்தின நாள் அவளே துடைச்சு வச்சது. ரெண்டையும் சேத்து அந்த இடத்துல, அவ பாதத்துக்குப் பக்கத்துல வச்சேன். செருப்ப பெட்டிக்குள்ள வைக்கலாமான்னு ஐயரம்மா, எங்க சபை பாதிரியாரோட சம்சாரம், மெதுவாக் கேட்டாவ. வச்சா என்ன? உயிர்த்தெழுத அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சு நிப்போம்லா? சாயர்புரத்துக்காரவுகளும் நிப்பாவ. அந்தக் கூட்டத்துல எம்புள்ளை மட்டும் குட்டையா நிக்கணுமா? போட்டுக்கிடட்டும்.